கண்ணக்காவின் இருமல்

கண்ணக்காவுக்குச் சளி பிடித்தது, மூக்கு ஒழுகியது, இரண்டு நாள் உடம்பு கொதித்தது. பிறகு எல்லாம் வந்த வழியே போய்விட்டன. இருமல் மட்டும் போகவில்லை. வறட்டு இருமல். பேச வாயைத் திறந்தால் வரும், சிரித்தால் வரும், படுத்தால் கேட்கவே வேண்டாம். மற்றபடி உடம்பில் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பசித்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. தொண்டைக்குள் யாரோ இறகை விட்டுக் கிண்டுகிற மாதிரி ஒரு நமைச்சல், அவ்வளவுதான்.

வேறு வேலை பார்ப்பவளாக இருந்தால் இருமிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பாள். கண்ணக்காவின் வேலை கண் செய்வது. விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்து அதற்கு ஜோடி செய்து கொடுப்பாள். அந்தக் கண்ணால் எதையும் பார்க்க முடியாது. ஆனால் அது செயற்கைக் கண் என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடு. கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் பெரிய ஜன்னலை ஒட்டி அவளுடைய மேஜை. மற்றதில் பாலிஷ் போடும் சக்கரம், தூசி உறிஞ்சும் மெஷின், அவளுடைய தம்பி.

சின்னச் சட்டைப் பொத்தான் அளவுள்ள வட்டில் கருவிழியைத் தீட்டவேண்டும். தூரிகையில் மூன்று நான்கு முடிதான் இருக்கும். ஆளை எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்காரவைத்து, அவருடைய நல்ல கண்ணை ஒரு தடவை, வட்டை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துக் கோடு கோடாக இழுப்பாள். கறுப்புக் கண் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது அவள் கட்சி. உள்ளே தேன் நிறம் இருக்கும், ஓரத்தில் சாம்பல் இருக்கும், சிலருக்குப் பச்சைகூட இருக்கும். கட்டிக்கொண்டவர்களுக்கே தெரியாத நிறமெல்லாம் இவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஓர் இருமல் வந்தால் போதும், தேன் நிறக் கோடு கண்மணியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும்.

அப்படித்தான் வாத்தியாரின் கண் கெட்டது.

வாத்தியார் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். அறுவை சிகிச்சையில் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கட்டோடு பள்ளிக்கூடம் போய்ப் பார்த்திருக்கிறார். "பிள்ளைங்க என் மூஞ்சியைப் பாக்கமாட்டேங்கறாங்க. கேள்வி கேட்டா தரையைப் பாத்துப் பதில் சொல்றாங்க. தரைக்கா நான் பாடம் நடத்தறேன்" என்றார் முதல் நாளே. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் கண் வேண்டும். மெழுகில் அளவு பார்த்தாயிற்று, வெள்ளை விழியும் தயார். கருவிழி தீட்டுவதுதான் பாக்கி. தீட்ட உட்கார்ந்த அன்று பாதி வேலையில் இருமல் வந்து, முகமூடிக்குள்ளேயே வெடித்து, தூரிகை வட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விட்டது. கண்ணக்கா அந்த வட்டைக் கெட்டுப்போன வட்டுகளைப் போடும் டப்பாவில் போட்டாள். புது வட்டு எடுத்தாள். அதுவும் டப்பாவுக்குப் போயிற்று.

"உடம்பு சரியாகட்டும், நான் வியாழக்கிழமை வரேன்" என்றார் வாத்தியார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் போகும்போது வாசலில் நின்று கட்டைச் சரிசெய்துகொண்டு போனதைக் கண்ணக்கா பார்த்தாள்.

மருந்துக்கு வீட்டில் பஞ்சமில்லை. தம்பி மனைவி ஆவி பிடிக்க வைத்தாள், தேன் கொடுத்தாள், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். எல்லாம் அந்த நேரத்துக்கு இதமாக இருந்தன. பிறகு இருமல் தன் வேலையைப் பார்க்க வந்துவிட்டது.

தம்பி அன்று மத்தியானம் டீயை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். எப்போதும் அப்படித்தான் பிடிப்பான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கை ஆடும் என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். வீட்டில் அவனுக்குச் செல்லப் பெயரே 'ஆட்டம்'. வைத்தவள் கண்ணக்காதான். அவன் பயந்த சுபாவம், அதனால்தான் கை நடுங்குகிறது என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். அப்பா முடிவு கட்டினால் பிறகு அதில் யாரும் கை வைப்பதில்லை.

"அக்கா, எதுக்கு இப்படிக் கஷ்டப்படறே? ரெண்டு பஃப் இழு. குழாயைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும்" என்று சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

தம்பிக்கு வீசிங். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே உண்டு. இன்ஹேலர் விஷயத்தில் அவன் பரம பக்தன். எதிர்வீட்டுக்காரர் இருமினாலும், தபால் கொண்டு வருபவர் தொண்டையைச் செருமினாலும் எடுத்து நீட்டிவிடுவான். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், வேண்டாம் என்று கும்பிடு போடுகிறவர்கள் நிறையப் பேர். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. உதடு நீலம் பாய்ந்து, தோள் ஏறி இறங்க, ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தவன், இரண்டு இழுப்பில் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டதைக் கண்ணக்காவே எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள். மூச்சே நின்றுவிடும்போலக் கிடந்தவனை எழுப்பிய சாமானுக்கு இந்த இத்துனூண்டு இருமல் எம்மாத்திரம் என்று அவளுக்கும் தோன்றியது. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

குலுக்கினாள், வாயில் வைத்து அழுத்தினாள், இழுத்தாள். இன்னொன்றும் இழுத்தாள்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டாள். தொண்டையில் ஏதோ கொஞ்சம் தேவலை மாதிரிகூட இருந்தது. தம்பி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் தீட்டிப் பழகும் வட்டு ஒன்றை எடுத்துத் தூரிகையை அதன்மேல் கொண்டு போனாள். தூரிகையின் நுனி ஒரு இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஆடிக்கொண்டே இருந்தது.

கண்ணக்கா தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி எடுத்தாள். ஆடியது.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், புதிதாக ஒன்றை இழுத்தோம், புதிதாகக் கை ஆடுகிறது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். கண்ணக்காவுக்கு அது தோன்றவே இல்லை. அந்த வீட்டில் கை நடுக்கம் என்றால் தம்பி, தம்பி என்றால் கை நடுக்கம். அது ரத்தத்தில் வந்தது, சுபாவத்தில் வந்தது. இத்தனை வருடம் அவனோடு நின்ற சனியன் இப்போது தன்னையும் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தாள். அவனுக்குச் சின்ன வயதில் வந்தது, எனக்கு ஐம்பதைத் தாண்டி வந்திருக்கிறது, இனி போகாது.

அவள் பயந்துபோனாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கேட்டவர்களிடம், "எனக்குத்தான் ஊர்ப்பட்ட கண்ணு இருக்கே, ஒரு வீட்டுக்காரர் கண்ணை வேற பாக்கணுமா" என்று சிரித்துக்கொண்டே தட்டிவிட்டவள். இந்தக் கையை விட்டால் அவளிடம் வேறு எதுவும் இல்லை. கை போனால் அவள் கண்ணக்காவே இல்லை. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

விசித்திரம் என்னவென்றால், சாயங்காலம் வீட்டில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள், சட்டென்று கோத்துவிட்டது. காலையிலும் கை நன்றாகத்தான் இருந்தது. மேஜைக்கு வந்து, இருமல் தொல்லை கொடுக்கக்கூடாதே என்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உட்கார்ந்தால் ஆடியது. 'வேலை என்று உட்கார்ந்தால்தான் ஆடுகிறது, அப்படியானால் இது பயம்தான், தம்பிக்கு இருக்கிற அதே பயம்தான்' என்று அதையும் தன் கணக்குக்கே சேர்த்துக்கொண்டாள். மனிதர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் எதிர்சாட்சிகூட அவர்கள் பக்கம்தான் பேசும்.

வியாழக்கிழமை வாத்தியார் வந்தார். அவர் வருவதற்கு முன் கண்ணக்கா நான்கு இழுப்பு இழுத்திருந்தாள். இருமல் அசரவில்லை, பழையபடியே வந்தது. கை மட்டும் முன்பைவிட மோசம். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணக்கா தூரிகையை எடுத்தாள். வட்டின் மேலே கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள்.

"இன்னைக்கு வெளிச்சம் சரியில்லைங்க" என்றாள்.

வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். வெயில் மேஜைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒரு கண்ணுக்கே கூசுதே" என்றார். பிறகுதான் அவள் கையைப் பார்த்தார். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்க்கிறவர். "ஆமா, மேகம் மாதிரி இருக்கு. சனிக்கிழமை வரட்டுமா?" என்றார்.

அந்தப் பெருந்தன்மையைத்தான் கண்ணக்காவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் தெருவைக் கடந்து எதிரே இருக்கும் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். மேஜைமேல் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் தொண்டைக்குச் சப்பும் மிட்டாய். கண்ணக்கா உள்ளே நுழையும்போது டாக்டர்தான் இருமிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. எனக்கும் ரெண்டு வாரமா இதே பாட்டுதான். சொல்லுங்க."

"இருமலுக்காக வரலை. கை ஆடுது. பரம்பரையா வரது. கை எப்ப முழுசாப் போகும்னு தெரிஞ்சா சொல்லிட்டு வேலையை விட்டுடலாம்னு" என்றாள் கண்ணக்கா. சொல்லும்போது குரல் உடைந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார். கை மரக்கட்டை மாதிரி அசையாமல் நின்றது. கண்ணக்காவுக்கே அவமானமாகப் போய்விட்டது. "இப்ப ஆடலை. வேலைக்கு உக்காந்தா ஆடும்" என்றாள், பொய் சொல்லிப் பிடிபட்டவள்போல.

டாக்டர் நாடி பார்த்தார், ஏதேதோ கேட்டார். "என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"இருமலுக்கு?"

"ஆவி, தேன். அப்புறம் தம்பியோட இன்ஹேலர் ரெண்டு இழுப்பு. அது மருந்துன்னு இல்ல, சும்மா நெஞ்சைத் திறந்து விடறதுக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப இழுப்பீங்க?"

"வேலைக்கு உக்கார்றதுக்கு முன்னாடி."

சொன்ன பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. டாக்டர்தான் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். ஒரு குழாயைக் கொடுத்துப் பலமாக ஊதச் சொன்னார். ஊதினாள்.

"உங்க மூச்சுக்குழாய் நல்லாத் திறந்துதான் இருக்கு. திறந்த கதவை எதுக்குத் திறக்கறீங்க? உங்க தம்பிக்கு அது இறுகிப் போகும். இறுகினதைத் தளர்த்தத்தான் அந்த மருந்து. சளிக்கு அப்புறம் வர இருமல் அது இல்ல. உள்ளே புண்ணாகியிருக்கு, ஆறணும், அவ்வளவுதான். வீசிங் இல்லாத பெரியவங்களுக்கு, இந்த மாதிரிப் புதுசா வந்த இருமலுக்கு, இதைக் கொடுத்துச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. கொடுத்தவங்களுக்கும் கொடுக்காதவங்களுக்கும் இருமல்ல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. கொடுத்தவங்களுக்குக் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம்."

"அவன் காலையில இன்னொண்ணு இழுப்பான். வேற கலர்ல இருக்கும். அது?"

"அது வேற வகை. அதுவும் உங்க மாதிரி இருமலுக்கு உதவும்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் இல்ல. வேலை செஞ்சா நான் இழுக்காம இந்த மிட்டாயைச் சப்பிட்டு உக்காந்திருப்பேனா? இந்த இருமல் பொதுவா மூணு வாரம் இழுக்கும், சிலருக்குக் கொஞ்சம் கூடவும் ஆகும். மூச்சு வாங்கினா, சளில ரத்தம் வந்தா, திரும்பக் காய்ச்சல் அடிச்சா, இல்ல இது நிக்காமலே போனா உடனே வாங்க. அதுவரைக்கும் தேனே போதும். அடுத்தவங்க இன்ஹேலரைத் தொடாதீங்க."

"அப்ப கை?"

"இழுத்துக் கொஞ்ச நேரத்துல ஆடும், சில மணி நேரத்துல தானா நின்னுடும். விட்டுட்டா வராது. உங்க கைக்கு ஒண்ணும் இல்ல."

கண்ணக்கா எழுந்தாள். போன உயிர் திரும்பி வந்துவிட்டது. கதவு வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள்.

"டாக்டர், இது இழுக்கற எல்லாருக்குமா கை ஆடும்?"

"எல்லாருக்கும் இல்ல. நிறையப் பேருக்கு. கூட இழுத்தா கூட ஆடும்."

"பயந்தவங்களுக்குன்னு இல்லையே?"

"பயத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் டாக்டர்.

தெருவைக் கடப்பதற்குள் அவளுக்கு வந்த சந்தோஷம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அப்பாவின் மேஜை நினைவுக்கு வந்தது. இதே மேஜைதான். அப்பா கண் செய்தவர். தொழிலை மகனுக்குத்தான் கொடுப்பதாக இருந்தார். தம்பியும் அதற்காகத் தவம் கிடந்தான். எட்டாவது படிக்கும்போதே பழைய வட்டுகளில் ஒளித்து ஒளித்துத் தீட்டுவான், நன்றாகவும் இருக்கும். ஆனால் அப்பா பக்கத்தில் உட்காரவைத்து, தூரிகையைக் கையில் கொடுத்துப் பார்த்தபோதெல்லாம் கை ஆடியது. மூன்று தடவை பார்த்தார். மூன்றாம் தடவை, "கண்ணுக்குக் கை ஆடக்கூடாதுடா. நீ பாலிஷ் பாரு" என்று சொல்லிவிட்டு, கதவருகே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "நீ வா" என்றார். வீசிங் இருக்கிறவனைத் தூசி பறக்கும் சக்கரத்தில் உட்காரவைத்த புத்திசாலித்தனத்தை அன்று யாரும் கேட்கவில்லை. தூசி உறிஞ்சும் மெஷினே பல வருடம் கழித்துத்தான் வந்தது.

கண்ணக்கா நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள். அவன் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு யாருடைய கண்ணுக்கோ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவள் சுவிட்சை அணைத்தாள்.

"அப்பாகிட்ட மேஜைல உக்காந்தியே, அப்பல்லாம் முன்னாடி பஃப் இழுத்தியா?"

தம்பி முகமூடியைக் கீழே இறக்கினான். "என்ன திடீர்னு?"

"சொல்லு."

"இழுக்காம உக்கார முடியுமா? அப்பா முன்னாடி இருமித் தொலைச்சா அவ்வளவுதானே. கக்கூஸ்ல போய் நாலஞ்சு இழுத்துட்டு வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து உக்காருவேன்."

"அன்னைக்கெல்லாம் மூச்சுத் திணறிச்சா?"

"இல்லக்கா. வந்துடக்கூடாதேன்னுதான்."

கண்ணக்கா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தன் கை ஆடியதையும், அதை மறைத்ததையும் சொன்னாள். அவன் பாலிஷ் துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அப்ப அது பயம் இல்லையா" என்றான்.

"இல்லைடா."

"எல்லாரும் சொன்னீங்களா, நானும் பயந்தாங்கொள்ளின்னே நெனச்சுட்டேன். எனக்கு உள்ளே பயம் தெரியலை. ஆனா கை ஆடுதே, அப்ப எங்கேயோ பயம் இருக்கும்னு நெனச்சேன்."

'ஆட்டம்' என்று பெயர் வைத்தது அவள். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருடம் பெயர் வாங்கியதும் அவள். தெரியாமல் நடந்ததுதான், ஆனால் நடந்துவிட்டது. அப்பாமேல் வந்த கோபத்தை இனி எங்கே போய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

"இன்னைக்கு இழுத்தியா?"

"இந்த வாரமே தேவைப்படலை. காலையில இழுக்கற அந்த இன்னொண்ணுதான்."

"கையை நீட்டு."

தம்பி வலது கையை நீட்டினான். விரல்களை விரித்தான். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கை அசையவில்லை. சுவரில் மாட்டிய படம்போல நின்றது. பக்கத்தில், அவன் இத்தனை காலமாக இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற டீ கப் இருந்தது.

"நான் என்னைக்குமே நீட்டிப் பாத்ததில்லக்கா" என்றான்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு. ஒரு வட்டு தீட்டிப் பாரு."

"போக்கா. இந்த வயசுல போய். நாலு கண்ணு பாலிஷுக்குக் கிடக்கு" என்று முகமூடியை ஏற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். சக்கரச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. அவன் கத்தியிருந்தால், அப்பாவை நாலு வார்த்தை திட்டியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவன் அந்த உதவியைச் செய்யவில்லை.

சனிக்கிழமை வாத்தியார் வந்து உட்கார்ந்தார். கண்ணக்கா எதையும் இழுக்கவில்லை. கை சொன்னபடி கேட்டது. முதல் கோட்டை இழுத்தபோது அழுகை வரும்போல இருந்தது, அடக்கிக்கொண்டாள். இருமல்தான் பழையபடி வந்தது. ஒரு தடவை வட்டிலிருந்து தூரிகையை எடுப்பதற்குள் முந்திக்கொள்ளப் பார்த்தது.

வாத்தியாருக்கு எதிரே பார்ப்பதற்கு அவள் முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு, "வருது" என்றார். கண்ணக்கா தூரிகையைத் தூக்கினாள். இருமல் வந்தது.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"உங்க புருவம் ரெண்டும் கிட்ட வருது. ஒண்ணாம் வகுப்புல தும்மப்போற பிள்ளையை முன்னாடியே கண்டுபிடிக்கலேன்னா நம்ம சட்டை போச்சு."

அன்று முழுக்க அப்படித்தான் வேலை நடந்தது. "வருது" என்பார், தூரிகை மேலே போகும், இருமுவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி குனிவாள். கருவிழி தீட்டி முடித்து, சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து வெள்ளை விழியில் நரம்பு நரம்பாக ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி பாலிஷ் போட்டுக் கொடுத்தான். வாத்தியார் கண்ணைப் பொருத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்கவில்லை, நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க" என்றார்.

"என்ன பேசணும்?" என்றான் தம்பி, அவர் முகத்தைப் பார்த்து.

"போதும்" என்றார் வாத்தியார். கட்டுத் துணியை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார். மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் கண்ணக்கா ஆஸ்பத்திரி மாடிக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து கதவைத் தள்ளப் போனவள், சக்கரச் சத்தம் இல்லையே என்று நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. தம்பி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கெட்டுப்போன வட்டுகள் இருக்கும் டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. நெற்றியில் அவளுடைய பூதக்கண்ணாடி. முன்னால் ஒரு வட்டு. குனிந்து, மூச்சை அடக்கி, ஓரத்திலிருந்து கண்மணியை நோக்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தான். இடது கை மடியில் சும்மா கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொண்டை நமைத்தது. அவளுடைய புருவங்கள் கிட்ட வந்தன. இந்த இருமலை நிறுத்த அவள் செய்யாதது இல்லை, ஒரு தடவைகூட அது சொன்ன பேச்சு கேட்டதில்லை. கண்ணக்கா கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். நெஞ்சு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்து, நடையைத் தாண்டி, தெருக் கதவைத் திறந்து, ஓசைப்படாமல் சாத்தினாள்.

பிறகு தெருவில் நின்று, போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஆசை தீர இருமினாள்.